படத்தில் வரும் பாய் பேசும் தமிழ்

காயல்பட்டினத்தில் திரையரங்கு கிடையாது. இல்லாமையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் சில உண்டு. அதுவும் அவற்றுள் ஒன்று. அதன் அண்டையில், உப்பளங்களுக்கும் இரசாயனத் தொழிற்சாலைக்கும் அருகே அமைந்த சாகுபுரத்தில் வாழும் எங்களுக்கும் அந்தப் பெருமையில் சிறு பங்கு உண்டென்றே எண்ணியிருந்தோம். என் இளமையில் படம் பார்ப்பதென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பயணப்பட வேண்டும். மதரஸாவில் ஓதும் பிள்ளை அப்படிப் பயணப்பட்டுவிட்டால், மறுநாள் உஸ்தாதின் பிரம்பு தன் பயணத்தைத் தொடங்கும்.

ஆயினும் சினிமா ஊரெல்லையில் நின்றுவிடவில்லை. முதலில் இலங்கை வானொலியின் பாட்டாக வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின், உயரமாகக் கம்பம் நட்ட வீடுகளுக்குக் கடல் கடந்து படமாகவே வந்து சேர்ந்தது. பிறகு வீடியோ கேசட், பிறகு குறுந்தகடு, இப்பொழுது பேரப்பிள்ளையின் கையகலக் கண்ணாடி. வெள்ளி இரவுகளில் என் மகள் குடும்பத்தார் வந்து கூடும்போது கூடத்தில் ஏதேனும் ஒரு படம் ஓடும். பழையது, புதியது, ஈரானியப் படம், மலையாளப் படம் என்று வரிசை முறை ஏதுமில்லை. எவன் கையில் கருவி இருக்கிறதோ அவன் வைத்ததே படம்.

ஓர் ஆலிம் இவற்றைப் பார்ப்பதா, பார்த்ததை எழுதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், ஆகாது என்னும் ஃபத்வாவுக்குள் நான் இங்கே புகவில்லை. நான் எழுந்து உள்ளே போய்விட்டால் கூடத்தில் ஓடும் படம் நின்றுவிடப் போவதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு பதிலாவது சொல்லலாம். அவ்வளவே என் நியாயம்.

அப்படி வந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். பதினொரு வயதுப் பேரன் ஒரு மாலை நிலைக்கண்ணாடி முன் நின்று, "நம்பள்கி சாயா குடுக்கிறான், நிம்பள்கி காசு தர்றான்" என்று மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியின் ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்குப் 'பாய்' வேடமாம். அந்த வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்குபவன் அவன். "ஏனப்பா, இப்படி யார் பேசுகிறார்கள்?" என்றேன். "படத்துல பாய் இப்படித்தானே அப்பா பேசுவாங்க" என்றான். (எங்கள் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பர், தந்தை 'வாப்பா'.) வீட்டில் அவன் வாப்பாவும் பாயே, நானும் பாயே. எங்களில் ஒருவர் பேச்சும் அவனுக்கு 'பாய்' பேச்சாகத் தோன்றவில்லை. அன்று முதல் வெள்ளி இரவுப் படங்களை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே மிகுதி.

கேட்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? மதரஸாவில் 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' ஓதிய எவருக்கும் அது மறவாது. ஹிஜ்ரி 739இல் மறைந்த கதீப் கஸ்வீனீ அவர்கள் அந்நூலில் பலாகத் என்னும் சொல்வன்மைக்கு வகுத்த இலக்கணம், பேச்சு 'முக்தளல் ஹா'லுக்குப் பொருந்தி அமைய வேண்டும் என்பது. இன்ன இடம், இன்ன ஆள், இன்ன நிலை. அது எதைக் கேட்கிறதோ அதைச் சொல்வதே சொல்வன்மை. அலங்காரமெல்லாம் பின்னால் வருவது. நம் தொல்காப்பியர் செய்யுளுக்கும் வழக்குக்கும் நடுவே தராசு பிடித்ததும் ஏறக்குறைய இதற்கே. சினிமாவை எடை போட எனக்கு இந்த ஒரு படிக்கல் போதுமாயிருந்தது.

இந்தக் கல்லை வைத்தால் நம் பழைய படங்களின் 'நம்பள்கி' உடனே எடை குறைந்து மேலே போய்விடுகிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் சென்னையின் சில பகுதிகளிலும் உர்தூவைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் சிலருடைய தமிழில் உர்தூவின் சாயல் இருக்கும்; அதில் இழிவு எதுவுமில்லை. அந்தச் சாயலை உள்ளபடி பதிந்தால் அது கலை. ஆனால் சினிமா செய்தது வேறு. இல்லாத ஒரு கொச்சையைச் சமைத்து, நாகூர் முதல் குளச்சல் வரை கடலோரத்துத் தமிழ் முஸ்லிம் யாவர் வாயிலும் அதை ஊட்டியது. எட்டையபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் 5,000 பாடல்களுக்கு மேல் சீறாவைப் பாடினார். காயலில் காசிம் புலவர் நபி பெருமானார் மீது திருப்புகழ் பாடினார். அவர்கள் வழிவந்தவர்கள் திரையில் வட்டிக் கடையிலோ அத்தர்க் கடையிலோ உட்கார்ந்து ஒரு வினைச்சொல்லையும் முடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். பார்ப்பவர் சிரிக்கிறார்கள். நாமும் சிரித்தோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதற்கு விலக்காக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது 'பாவ மன்னிப்பு'. 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வந்தது. சிவாஜி கணேசனின் ரஹீம் நல்ல தமிழ் பேசுகிறான். சேரி மக்களுக்காக உழைக்கிறான். முகத்தில் திராவகம் வீசப்பட்டும் நெஞ்சில் நஞ்சு ஏறாதவனாக நிற்கிறான். டி.எம். சௌந்தரராசனோடு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கம்பீரக் குரலும் அதில் கேட்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் குரல் எழுந்தபோது அடுப்படியிலிருந்த பிள்ளைகளின் உம்மாவும் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். நல்ல படம், ஐயமில்லை. ஆனால் கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று நிதானித்துப் பாருங்கள். ரஹீம் முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவனே தவிர அங்கே பிறந்தவன் அல்லன். பிறந்த வீடு வேறு. மதங்களின் ஒற்றுமையைச் சொல்ல எழுந்த கதைக்கு அந்த முடிச்சு தேவைதான் என்று வாதிடலாம். எனக்கென்னவோ, கதாநாயகனை முஸ்லிமாக்கத் துணிந்தவர்கள், இரத்தத்தால் அவன் முஸ்லிம் அல்லன் என்ற உறுதிச் சீட்டையும் கூடவே சட்டைப்பையில் வைத்து அனுப்பினார்கள் என்று படுகிறது. அன்றைய சந்தைக்கு அது வேண்டியிருந்திருக்கும். பீம்சிங்கின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை; சீட்டு இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

'குலேபகாவலி'யும் (1955) 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்னும் வண்ணப் படமும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான். பாரசீகத் தொப்பியும் அகன்ற காற்சட்டையும் அணிந்துகொண்டு எம்.ஜி.ஆர் செந்தமிழ் பேசி வாள் வீசுவதில் எந்தப் பொய்யும் இல்லை; அது கதை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. கனவுலகத்து முஸ்லிம் நல்ல தமிழ் பேசுவான், பக்கத்துத் தெரு முஸ்லிமுக்குத்தான் தமிழ் வராது என்னும் விசித்திரத்தை இப்படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் கண்டுகொண்டேன்.

நான் மிகுந்த தயக்கத்தோடு பார்த்தது 'அர்ரிஸாலா'. முஸ்தஃபா அக்காத் என்னும் சிரியா நாட்டவர் 1976இல் எடுத்த படம். ஒரே கதையை இருமுறை படமாக்கினார்: ஆங்கிலத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக அந்தோனி குவின், அரபியில் அப்துல்லாஹ் கைத். மொராக்கோவில் தொடங்கிய வேலை அங்கே நின்றுபோய் லிபியாவில் முடிந்தது. என் தயக்கம் யாவருக்கும் விளங்கும். நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் படமாக்குவது எங்ஙனம்? அவர்களைக் காட்டலாகாது, அவர்கள் குரலையும் நடிக்கலாகாது.

அக்காத் காட்டவில்லை, கேட்கச் செய்யவுமில்லை. பலவிடங்களில் காமிராவையே அவர்கள் இருக்குமிடமாக வைத்துவிட்டார். எதிரில் நிற்பவர் நம்மை நோக்கிப் பேசுகிறார். பதில் நம் காதில் விழுவதில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டவரின் முகம் மாறுவது தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்துல் காஹிர் ஜுர்ஜானீ நினைவுக்கு வந்தார். ஹிஜ்ரி 471இல் மறைந்த அம்மேதை 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் நூலில் 'ஹத்ஃப்' என்னும் விடுதலைப் பற்றிச் சொல்வார்: சில இடங்களில் சொல்லாமல் விடுவது சொல்வதைக் காட்டிலும் நன்றாகச் சொல்லும், அது மாயம் போன்றதொரு வழி. ஒரு வாக்கியத்தில் எழுவாயை மறைப்பது பற்றி அவர் எழுதியதை, மூன்று மணி நேரப் படம் ஒன்றுக்கு எழுவாயையே மறைத்துச் செய்து காட்டுகிறார் ஒருவர்! மார்க்கம் விதித்த கட்டுப்பாடு கலைக்கு விலங்காகாமல் அதன் இலக்கணமாகவே ஆகிவிட்டது. கவிஞன் கையில் எதுகையும் மோனையும் அப்படித்தானே ஆகின்றன.

குறைகளும் உண்டு. போர்க்களங்கள் நீளமானவை. காமிராவை நோக்கிப் பேசுவோர் சிலபோது சிலைபோல் விறைத்துவிடுகிறார்கள். ஆங்கிலப் படத்தில் அந்தோனி குவின் தாடிக்குள்ளிருந்து அந்தோனி குவினாகவே எட்டிப் பார்க்கிறார். அரபிப் படமே எனக்கு உவப்பு. ஹிந்தாக வரும் முனா வாஸிஃபின் அரபி உச்சரிப்பை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்றுகூட எண்ணி, பிறகு அடக்கிக்கொண்டேன். இன்னொன்றும் தோன்றியது. உமறுப் புலவர் அரபுநாட்டைப் பாடியபோது அங்கே மழையும் வயலும் வந்து நிறைந்தன. அக்காதின் படத்தில் மணலும் பாறையுமே. இரண்டில் எது முக்தளல் ஹால் என்றால் இரண்டுமே என்பேன். புலவர் தமிழ்க் காதுக்குப் பாடினார். அவர் கேட்டது அந்தக் காதின் நிலையை.

அடுத்த வாரம் பேரன் வைத்த ஈரானியப் படத்தின் பெயர் 'பச்சேஹாயே ஆஸ்மான்', வானத்துக் குழந்தைகள். மஜீத் மஜீதி 1997இல் எடுத்தது. அலீ என்னும் சிறுவன் தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைக்கக் கொடுத்து வாங்கி வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். தகப்பனிடம் புதிதாக வாங்கக் காசில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அண்ணனின் ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். கதை இவ்வளவே.

இதில் ஒரு காட்சி. தகப்பன் தரையில் அமர்ந்து பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் சர்க்கரை மலைபோல் கிடக்கிறது. மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். சர்க்கரை எங்கே என்கிறார். இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் சிறுமி. இது பள்ளிவாசலுடையது, நம்மிடம் நம்பித் தந்தது என்று சொல்லி, வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்கிறார். காட்சி முடிந்துவிடுகிறது. பின்னணி இசை பொங்கவில்லை. எவரும் யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. அமானத் பற்றி நான் இருபது ஜும்ஆக்களில் பேசியிருப்பேன். அந்தச் சர்க்கரைக் கட்டிக்கு என் இருபது பயானும் ஈடாகா. 'ஒரு கட்டி எடுத்தா யாருக்கு அப்பா தெரியும்?' என்று பேரன் கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் அவன் தங்கை, 'ஸஹ்ராவுக்குத் தெரியுமே' என்றாள். அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருப்பேன். அவள் சொன்னதும் சரியே. ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அக்காட்சியின் உயிர்.

அந்தத் தகப்பன் ஒரு முஸ்லிம் என்று படம் எங்கும் அறிவிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். தொப்பி, தாடி, தஸ்பீஹ் என்று அடையாளங்களை அடுக்காமல், அவர் கை செய்யும் வேலையாலும் செய்யாது விடும் வேலையாலும் நாம் அறிந்துகொள்கிறோம்.

இதற்கு நேர்மாறு நம் நாட்டில் 1992இல் வந்த 'ரோஜா'. மணிரத்னம் திறமையாளர், மறுப்பதற்கில்லை. கொடி எரிய, கதாநாயகன் அதன்மேல் பாய்ந்து புரள, இடையிடையே தீவிரவாதத் தலைவன் தொழுதுகொண்டிருப்பது காட்டப்படுகிறது. ருகூவும் ஸுஜூதும் அச்சத்தின் குறியீடுகளாகிவிட்டன. காஷ்மீரில் வன்முறை இல்லையென்று யார் சொன்னார்? ஆனால் தொழுகை அந்த வன்முறையின் விளக்கமாக நிற்கிறது; அங்கேதான் பேச்சு ஹாலை விட்டு விலகிற்று. 1995இல் வந்த 'பம்பா'யில் அவரே நிதானம் காட்டினார். நெல்லைச் சீமையின் கிராமத்தில் செங்கல் அறுக்கும் பஷீராகக் கிட்டியும், இந்துத் தகப்பனாக நாசரும் நடித்தார்கள். பிறப்பால் முஸ்லிமானவர் பிள்ளைவாளாகவும் மற்றவர் பஷீராகவும் மாறி நின்றது நல்ல எண்ணம். இருவரும் மும்பையில் பேரப்பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு சண்டையிடும் காட்சிகள் இன்றும் சுவை குன்றவில்லை. ஆனால் கிராமத்தில் பஷீர் வாயைத் திறப்பதற்கு முன்னரே ஆயுதத்தைத் தேடும் அவசரம்தான் பொறுக்கவில்லை. நெல்லை வாப்பாமார்களின் கோபம் நான் அறிந்தவரை முதலில் மௌனமாகத்தான் வரும். அது இன்னும் கொடியது.

'விஸ்வரூபம்' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2013இன் தொடக்கத்தில் நம்மவர்கள் அதற்குத் தடை கேட்டார்கள்; தடை வந்தது; சில இடங்களில் ஒலியைக் குறைத்த பிறகு பிப்ரவரியில் படம் வெளியாயிற்று. தடை கேட்டதில் எனக்கு அன்றும் உடன்பாடில்லை. காயம் பட்டது உண்மை. ஆனால் தடை கேட்ட வாய்களில் பத்தில் ஒன்று அப்படத்தின் பிழை எது, மிகை எது என்று நாலு பக்கம் எழுதியிருந்தால் அது இன்று வரை நின்றிருக்கும். எழுதியவர்கள் சிலரே. இதை எழுதும் நானும் அப்போது எழுதவில்லை.

எங்கள் கரையையே காட்டும் படமும் ஒன்று கிடைத்தது. சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012). மணப்பாட்டுப் பக்கத்துக் கடலும் தேரி மணலும் உப்புக் காற்றும் அதில் இருக்கின்றன. கதை பரதவக் கிறித்தவ மக்களுடையது. ஆனால் குடியை விட்டு எழுந்து கடலுக்குப் போகத் துடிக்கும் நாயகனுக்குத் துணையாக நிற்கும் படகு கட்டுபவர் ஒரு முஸ்லிம், உதுமான் கனி. சமுத்திரக்கனி ஏற்ற வேடம். மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துச் சொல்வர். அந்த மரபுக்காரர் ஒருவரைக் கடைசியில் உளியும் பலகையுமாகத் திரையில் கண்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பேசுவது இந்தக் கரையின் தமிழ். பலகையைத் தடவிப் பார்க்கும் கையிலேயே ஆள் முழுமையாகத் தெரிந்துவிடுகிறார். அதோடு விட்டிருக்கலாம். நாட்டுப்பற்றையும் நியாயத்தையும் அவர் வாயாலேயே நீளமாகச் சொல்ல வைத்துவிட்டார்கள். நல்ல முஸ்லிம் என்றால் ஒரு சொற்பொழிவாவது ஆற்றியே தீரவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது போலும். படகு கட்டுகிறவருக்குப் படகே சாட்சியாகாதா?

விதிவிலக்கைத் தேடி வடக்கே போக வேண்டியதாயிற்று. எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா' 1973இல் எடுத்தது. ஆக்ராவில் செருப்புத் தொழில் நடத்தும் சலீம் மிர்ஸாவாகப் பல்ராஜ் சாஹ்னி. பிரிவினைக்குப் பின் உறவுகள் ஒவ்வொன்றாக எல்லை கடக்கின்றன, இவர் போகவில்லை. வீட்டைக் காலி செய்யும் நாளில் அவருடைய வயோதிகத் தாயார் வெளியேற மறுத்து விறகுக் கொட்டிலில் ஒளிந்துகொள்கிறார். அங்கே எல்லாரும் உர்தூ பேசுகிறார்கள்; ஆக்ராவில் அதுதான் ஹால். என் இல்லாளுக்கு உர்தூவில் ஒரு சொல்லும் தெரியாது. அந்த மூதாட்டியைப் பார்த்து, "நம்ம பெத்தும்மா மாதிரியே இருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான உர்தூ தமிழச்சிக்குப் புரிந்துவிடுகிறது; பொய்யான 'பாய் தமிழ்' தமிழ்ப் பிள்ளையையே தன் வீட்டுக்கு அந்நியனாக்கிவிடுகிறது.

மலையாளத்தில் ஸகரிய்யா இயக்கிய 'சுடானி ஃபிரம் நைஜீரியா' (2018) அண்மையில் பார்த்தது. மலப்புறத்துக் கால்பந்துக் குழு ஒன்றில் ஆட வந்த நைஜீரிய இளைஞன் அடிபட்டுப் படுக்கிறான். அவனைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு மூதாட்டிகள்: மஜீதின் உம்மாவும் பக்கத்து வீட்டு பீயும்மாவும். ஒருவருக்கும் மற்றவர் மொழி தெரியாது. கஞ்சியும் கைச்சாடையுமாக நாட்கள் நகர்கின்றன. மஜீதின் சிற்றப்பா முறையில் வந்த இரண்டாம் தகப்பன் காவற்காரர்; மகன் முகம் கொடுக்காததால் வீட்டுக்குள் வந்தும் வராதவராகவே நடமாடுகிறார். அந்த மனிதர் பேசும் சொற்களை எண்ணிவிடலாம். முழுப்படத்திலும் எனக்கு நெஞ்சில் நின்றவர் அவரே. இரு உம்மாக்களாக நடித்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரஸ பாலுஸ்ஸேரியும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். பிறப்பால் முஸ்லிம்கள் அல்லர். சாவித்திரி அம்மையாருக்குத் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. ஆகவே, முஸ்லிமை முஸ்லிமே நடிக்க வேண்டும் என்பதன்று என் வாதம். காது வேண்டும். அவ்வளவே.

தமிழில் அந்தக் காதுக்குத் தீனி இல்லையா? இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் தம் கரையின் பேச்சை அப்படியே ஏற்றி எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', நம் இதழ் ஒன்றில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. பாய்க்கு வசனம் எழுத உட்காருகிறவர் அதில் பத்துப் பக்கம் படித்துவிட்டு உட்காரலாம்.

பள்ளி நாடகத்தை முடித்துவிடுகிறேன். பேரனுடைய வசனத்தை எங்கள் வீட்டுத் தமிழில் மாற்றி எழுதி, பொறுப்பான ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாகவே பேசினார். "நல்லாத்தான் இருக்கு ஹஜ்ரத். ஆனா இப்படிப் பேசினா பாய்னு எப்படித் தெரியும்?" என்றார். தொப்பி வைத்திருக்கிறானே, போதாதா என்றேன். சிறிது யோசித்து ஒப்புக்கொண்டார். விழா முடிந்து திரும்புகையில் பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "நான் பேசுனப்போ ஒருத்தர்கூடச் சிரிக்கல அப்பா" என்றான்.